சனிக்கிழமைக் கனு

இன்னும் காக்கை வரவில்லை. எப்படி வரும்? வியாழக்கிழமை வைத்திருக்க வேண்டிய கனுவைச் சனிக்கிழமை வைத்துவிட்டு, உறைந்து கிடக்கும் ஏரியின் கரையில் நான்கு பெண்கள் கைகளைக் கக்கத்தில் செருகிக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றால் வந்துவிடுமா? பொங்கலுக்கு மறுநாள் கனு. உடன்பிறந்தவன் குறைவின்றி வாழ வேண்டும் என்று பெண்கள் காக்கைக்குச் சோற்றுருண்டை வைக்கும் நாள். அது தை இரண்டாம் நாள். இன்று தை நான்கு. முப்பத்து நான்கு ஆண்டுகள் வரலாறு கற்பித்தவள் நான். ஒரு போரின் ஆண்டை இரண்டு தள்ளி எழுதிய பெண்ணுக்கு அரை மதிப்பெண்கூடப் போட்டதில்லை. “வேலை நாள்ல எப்படி மாமி லீவு போடறது? சனிக்கிழமைன்னா எல்லாருக்கும் சௌகர்யம்” என்றாள் வசுமதி. சௌகரியம்! பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் நகர்ந்து இடம் கொடுப்பதுபோலப் பண்டிகையும் நமக்காக நகர்ந்து கொடுக்க வேண்டுமாம். வசுமதி நல்ல பெண்தான், ஸ்ரீரங்கத்துக்காரி, இங்கே ஏதோ ஆய்வுக்கூடத்தில் இரத்தம் சோதிக்கிறாள். ஆனால் நல்ல பெண்களே நாட்களை மாற்றத் தொடங்கினால் மற்றவர்களை என்ன சொல்வது. மஞ்சள் செடியின் இலை கிடைக்கவில்லையாம், கேக் வேகவைக்கும் காகிதத்தை விரித்திருக்கிறாள். குங்குமச் சோற்றுக்குப் பதில் பீட்ரூட் சாறு கலந்த சோறு. ‘ஆர்கானிக் மாமி’ என்று பெருமை வேறு. குளிக்குமுன் வைக்க வேண்டிய கனுவை மூவரும் குளித்து, முகத்துக்குக் களிம்பு தடவி, கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டு வந்து வைத்திருக்கிறார்கள். எங்கள் குடியிருப்பின் பால்கனியில் வைக்கலாம் என்றால் சலவை அறையில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது, பறவைகளுக்கு உணவிடக் கூடாது என்று. செங்கமலம் எனக்கு அதை ஒவ்வொரு சொல்லாகப் படித்துப் பொருள் சொன்னாள், ஏதோ நான் இரகசியமாகக் காக்கை வளர்க்கத் திட்டமிட்டவள்போல. என் பெண்தான். அவள் அலுவலகத்தில் அவள் பெயர் கமலா. செங்கமலம் என்ற பெயரைச் சொல்ல அவர்களுக்கு நா புரளவில்லையாம். புரளும்வரை பயிற்சி கொடுத்திருக்க வேண்டாமா? நான் எத்தனை நாக்குகளைப் புரளவைத்திருக்கிறேன். மணி எட்டே முக்கால். சூரியன் இப்போதுதான், அதுவும் மனமில்லாமல், பள்ளிக்குத் தாமதமாக வரும் பிள்ளை கதவோரம் நிற்பதுபோல மரங்களுக்குப் பின்னால் நிற்கிறது. ஸ்வீடன் நாட்டுச் சூரியன். குளிர் ஒன்பது பாகை, பூஜ்யத்துக்குக் கீழே. பாதம் இருக்கிறதா இல்லையா என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

பாறையின் மேல் வரிசையாக மூன்று காகிதங்கள். வசுமதிக்கு ஓர் அண்ணன், அவன் ஓசூரில். செங்கமலத்துக்கு உடன்பிறப்பு இல்லை, ஆனால் பெரியப்பா பிள்ளைகள் இருவர்; அவர்களுக்காக வைத்தாள். மூன்றாவது ஜானெட்டினுடையது. நாகர்கோவில்காரி, ஞாயிறு தவறாமல் மாதா கோவிலுக்குப் போகிறவள், அவளுக்குக் கனுவோடு என்ன தொடர்பு என்று காரில் வரும்போது கேட்டே விட்டேன். “எனக்கும் மூணு அண்ணன்மாரு உண்டுல்லா டீச்சர்? மூணும் மூணு திக்குல கிடந்து சீரழியுது. காக்கா பைபிள்லயும் உண்டு. ஒருத்தருக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்திருக்கு” என்றாள். இந்த மூவரில் என்னை டீச்சர் என்று அழைப்பவள் அவள் ஒருத்தியே என்பதால் மேற்கொண்டு நான் விவாதிக்கவில்லை. மாமி என்பது என் பெயருமன்று, பதவியுமன்று. டீச்சர் என்பது உழைத்துப் பெற்றது. ஆக மூன்று காகிதங்கள், நான்கு பெண்கள். நான்காவது பெண் தேநீர்க் குடுவையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். உடன்பிறந்தான் இல்லாதவள் கனு வைப்பதில்லை. முறை தெரிந்தவள் என்று மேற்பார்வைக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். மேற்பார்வை எனக்குப் பழக்கமானது. தேர்வறையில் மூன்று மணிநேரம் உட்காராமல் நின்றவள். கேள்வித்தாளை மற்றவர்கள் எழுதுவார்கள், நான் நடந்துகொண்டிருப்பேன். இப்படி நிற்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் புறப்படும்போது அவர், என் கணவர், கழுத்துவரை போர்வையை இழுத்துக்கொண்டு, “நீயும் ஒரு பிடி வெச்சுடேன் கோமளா, பதினோரு வருஷம் ஆச்சு” என்றார். அந்தப் பேச்சு வேண்டாம் என்றேன். “சரி, விடு” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எதையும் உடனே விட்டுவிடுகிற மனிதர். விடுவதற்கும் ஒரு தகுதி வேண்டும்; விடக் கூடாதவை என்று சில உண்டு. பதினோரு ஆண்டுகள் என்று அவர் ஏன் எண்ணிக்கொண்டிருக்கிறார்? நான் எண்ணுவது வேறு. எண்ண எனக்கு உரிமை இருக்கிறது.

அன்று செவ்வாய்க்கிழமை. பிற்பகல் மூன்றே முக்கால். பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு, விடைத்தாள்களைக் கட்டி அரக்கு வைத்துக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லில் அந்தப் பள்ளியின் அலுவலக அறைக்குச் சன்னல் மேற்குப் பார்த்தது, மேசைமேல் வெயில் விழுந்து அரக்கு இளகியது. சாரநாதன் பேசுகிறான் என்று எழுத்தர் தொலைபேசியை நீட்டினார். என் தம்பி. என்னைவிட ஐந்து வயது இளையவன். மன்னார்குடியில் அம்மாவோடு இருந்தவன். “அம்மா நேத்து சாயங்காலம் போயிட்டாக்கா. இன்னிக்குக் காலம்பற எல்லாம் நல்லபடியா ஆயிடுத்து.” நல்லபடியாக! எடுத்துப்போய் எரித்துவிட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, பின்பு அழைத்துச் சொல்கிறான். ஐந்து மணிநேரப் பயணம். முந்தின நாள் மாலை சொல்லியிருந்தால் இரவுக்குள் போய்ச் சேர்ந்திருப்பேன். என் அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. இதைச் சொன்னால் எல்லாரும் ‘ஐயோ’ என்கிறார்கள். ஐயோ என்பது என் சினத்துக்கு உரிய விடையன்று. பெண் என்ன செய்யப் போகிறாள், கொள்ளி வைக்கப் போகிறாளா, நெய்ப்பந்தம் பிடிக்கப் போகிறாளா என்று எவனோ ஒருவன் அங்கே சொல்லியிருப்பான், இவன் தலையாட்டியிருப்பான். கடைசியாக நான் பார்த்தபோது அம்மா தயிர் கடைந்துகொண்டிருந்தாள், மத்தை நிறுத்தாமலே திரும்பி, “போய்ட்டு வா, பஸ்ஸை விட்டுடாதே” என்றாள். பேருந்தை நான் விடவில்லை. அந்த முகமே கடைசி முகமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய இவன் யார்? ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “உனக்குப் பரீட்சை நேரம், அலைய வேண்டாமேன்னுதான்.” பரீட்சை நேரம். இந்த இடத்தில் எப்போதும் ஒரு முள் தட்டுகிறது. நான் அதைத் தாண்டிப் போய்விடுவேன். பரீட்சை நேரம் என்று அவன் சொன்னதற்கு ஒரு காரணமும் இல்லை. ஒரு காரணம் உண்டு. அதற்கு முந்தின மார்ச்சில் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று அவன் அழைத்தபோது, அரசுத் தேர்வு நடக்கும்போது இதற்கெல்லாம் என்னைக் கூப்பிடாதே, முந்நூறு பிள்ளைகளுக்கு நான் பொறுப்பு என்று சொன்னேன். காய்ச்சலுக்குச் சொன்னேன். சாவுக்கா சொன்னேன்? காய்ச்சலுக்கும் சாவுக்கும் வேறுபாடு தெரியாதவனா அவன்? தெரிந்தே என் சொல்லை எடுத்து என்மீதே வீசினான். வீசினானா, அல்லது, இல்லை, வீசினான். குரல் கரகரத்தது உண்மை. அழுதிருக்கிறான் என்று அப்போதே தெரிந்தது. அழுதவன் நியாயவான் ஆகிவிடுவானா? தேர்வில் தோற்ற பெண்களெல்லாம் அழுதார்கள். நான் தொலைபேசியை வைத்தேன். வைத்தது வைத்ததுதான். பத்துக்கும் போகவில்லை, பதின்மூன்றுக்கும் போகவில்லை. அவன் எழுதிய கடிதங்களைப் பிரிக்காமலே ஒரு பெட்டியில் போட்டேன். அந்தப் பெட்டியை இந்த நாட்டுக்கு ஏன் தூக்கிக்கொண்டு வந்தாய் என்று செங்கமலம் கேட்டாள். ஆவணங்களை அழிக்கக் கூடாது என்றேன்.

“டீச்சர், அந்தா ஒண்ணு வருது!” என்கிறாள் ஜானெட். வரவில்லை, கடற்புறா, ஏரியைக் கடந்து போகிறது. இந்த ஊர்க் காக்கையைக் காக்கை என்று ஒப்புக்கொள்ளவே எனக்கு ஓராண்டு பிடித்தது. தலையும் சிறகும் கறுப்பு, உடம்பு மட்டும் சாம்பல் நிறம், யாரோ பள்ளிச் சீருடையின் கையில்லாச் சட்டையை மாட்டி அனுப்பியதுபோல. இதற்குப் போய் நம் உடன்பிறந்தான்மாரின் ஆயுளைப் பற்றி என்ன தெரியும்? “கூப்பிடுங்க டீச்சர். உங்க சத்தத்துக்கு மன்னார்குடி காக்காவே வரும்” என்கிறாள். சிரிக்கிறார்கள். நானும் உதட்டளவில். சோறு உறையத் தொடங்கிவிட்டது. மஞ்சள் உருண்டைகளின்மேல் உப்புப் பூத்ததுபோல வெண்மை. இன்னும் சிறிது நேரம் போனால் கூழாங்கல்லாகிவிடும், காக்கை வந்தாலும் அலகு உடையும். வசுமதி அருகே வந்து நிற்கிறாள். இவள் அருகே வந்து நிற்கும் விதம் எனக்குப் பிடிக்கவில்லை. போன ஆண்டிலிருந்து இப்படித்தான், நோயாளியின் கட்டிலருகே நிற்பதுபோல. போன ஆண்டு இவள் வீட்டில் பொங்கல் சாப்பிட்டுவிட்டு மறுநாளுக்கு உருண்டைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். “மாமிக்கு எத்தனை பேர்?” ஒருவரும் இல்லை என்றேன். அவ்வளவுதான். ஒரு கூட்டத்தில் ஒரு கேள்வி, அதற்கு ஒரு விடை. வசுமதியின் முகம் விழுந்தது, என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த கையை நான் விடுவித்துக்கொள்ளவில்லை. விடுவித்து, வசுமதி, ஒரு தம்பி இருக்கிறான், நன்றாகவே இருக்கிறான், எனக்குத்தான் இல்லை என்று திருத்தியிருக்கலாம். மற்றவர் தவற்றைத் திருத்தியே வாழ்நாளைக் கழித்தவள், அன்று திருத்தவில்லை. பொய்யா அது? எட்டாம் வகுப்பில் ஒருத்தி, தந்தை இறந்துவிட்டார் என்று சொல்லி மூன்று நாள் விடுப்பு எடுத்துவிட்டாள். நான்காம் நாள் அந்தத் தந்தையே மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு பள்ளி வாசலில் வந்து நின்றார். அந்தப் பெண்ணை நான் முழு வகுப்பின் முன்னும் நிறுத்தினேன். இருக்கிறவரை இல்லை என்று சொன்ன வாய்க்கு நாளை எது உண்மை என்று கேட்டேன். அழுதாள். அழுகை விடையன்று என்றேன். அவள் பெயர் மறந்துவிட்டது. தூக்கு மட்டும் நினைவிருக்கிறது, பச்சை நிற எனாமல்.

“மாமி, நீங்க கோச்சுக்கப்படாது” என்கிறாள் வசுமதி, மிக மெதுவாக. கோபப்படக் கூடாது என்று தொடங்குகிறவர்கள் எல்லாரும் கோபத்துக்குரிய எதையோ செய்து முடித்திருக்கிறார்கள். “நீங்க வெறுங்கையா நிக்கறதைப் பாத்தா எனக்கு மனசே சரியில்லை. அதான் உங்க தம்பிக்கும் ஒண்ணு வெச்சிருக்கேன். அங்க, தனியா.” அவள் காட்டிய பக்கம் பார்க்கிறேன். மூன்று காகிதங்களுக்கும் அப்பால், பாறை சரிந்து பனியில் இறங்கும் இடத்தில், தெற்கு ஓரமாக, காகிதம் இல்லாமல் வெறும் கல்லின் மேல் ஓர் உருண்டை. வெள்ளை. வெள்ளையில் கறுப்புப் புள்ளிகள். முதலில் எனக்குப் புரியவில்லை. மிளகோ என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. உப்பில்லாத சோறு, பச்சை எள். சுற்றிலும் அவள் விட்ட தண்ணீர் அதற்குள் கண்ணாடியாய் உறைந்திருக்கிறது. “தம்பியைப் பத்தி யாரும் கேட்காதீங்கோ, அம்மா தாங்க மாட்டான்னு செங்கமலம் சொல்லியிருக்கா. அப்பவே புரிஞ்சுண்டேன் மாமி. போனவாளுக்கும் காக்கைதானே வரணும். பேரும் அவ சொல்லித்தான் தெரியும். சாரநாதன்னு பேரைச் சொல்லித்தான் வெச்சேன்.” பெயரைச் சொல்லி. எள்ளும் தண்ணீரும் விட்டு, பெயரைச் சொல்லி. உயிரோடிருக்கும் என் தம்பிக்கு. அன்போடு. அந்த அன்பை என்ன செய்வது, அறைவதா? இப்படியுமா ஒருத்தி, ஆனால் இவளா, நான்தானே, இல்லை என்ற சொல்லை அன்று இவள் கையில் கொடுத்தவள் நான்தானே, இவள் அதை முறைப்படி, என்னைவிடவும் முறைப்படி, இலக்கணம் தவறாமல், தெற்குப் பார்த்து. மன்னார்குடியில் இப்போது மணி ஒன்றேகால். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருப்பான். கழுவும்போது எப்போதும் முழங்கைவரை நனைத்துக்கொள்வான். சிறு வயதில் கனு முடிந்ததும் என் பின்னால் ஒளிந்து நின்று காக்கை எந்த உருண்டையை எடுக்கிறது என்று பார்ப்பான். சிவப்பை எடுத்தால் எனக்கு நூறு வயசுக்கா என்பான். யார் சொன்னார்கள் அவனுக்கு? யாரும் சொல்லவில்லை, அவனே ஏற்படுத்திக்கொண்ட சாத்திரம். அப்போது தலைக்கு மேல் சிறகின் ஓசை கேட்கிறது.

சாம்பல் சட்டைக்காரன். வண்ண உருண்டைகளை ஒரு முறை பார்க்கிறான். வண்ணம் அவனுக்குப் பழக்கமில்லை. தத்தி, தத்தி, தெற்கு ஓரத்துக்குப் போகிறான். எள். இந்த நாட்டில் ரொட்டியின் மேலெல்லாம் எள் தூவுகிறார்கள். அவனுக்குத் தெரிந்த உணவு அது ஒன்றுதான். கழுத்தைச் சாய்த்து ஒரு கண்ணால் அளக்கிறான். குடுவை என் கையிலிருந்து எப்போது விழுந்தது, எனக்குத் தெரியாது. செங்கமலத்தின் காலணி எனக்கு ஓர் அளவு பெரிது, பனி முழங்கால்வரை வாங்கியது, அறுபத்தெட்டு வயதில் ஓடுகிறேன், இது ஓட்டமா, யாரோ என்னைப் பிடித்துத் தள்ளுகிறார்கள், “சூ! போ! போடா அந்தண்டை!” என்று வகுப்பறைக் குரலன்று, தேர்வறைக் குரலன்று, மன்னார்குடியில் கொல்லைப்புறத்தில் வடாம் காயவைத்த பாவாடைச் சிறுமியின் குரல், “தொடாதே! அவன் இருக்கான்! என் தம்பி இருக்காண்டீ வசுமதி, இருக்கான், இருக்கான்!” காக்கை ஒரு கையகலம் விலகி உட்கார்ந்து என்னைப் பார்க்கிறது. அதற்கு அவசரம் ஒன்றும் இல்லை. நான் பாறையில் மண்டியிட்டு உருண்டையைப் பெயர்த்தெடுக்கிறேன். கல்லோடு ஒட்டியிருக்கிறது, நகத்தால் பெயர்க்கிறேன், நகம் பிய்கிறது. கைக்குள் மூடிக்கொள்கிறேன்.

ஏரியில் பனிக்கட்டி எங்கோ முனகுகிறது. முதலில் வாய் திறந்தவள் ஜானெட். “அப்போ... ஆளு உண்டா டீச்சர்?” உண்டு. மன்னார்குடியில் இருக்கிறான். சர்க்கரை நோய் இருக்கிறது, வீண் பிடிவாதம் இருக்கிறது, எல்லாம் இருக்கிறது. “பின்ன எதுக்கு இல்லேன்னு சொன்னீங்க?”  வசுமதியின் முகம் வெளுத்துவிட்டது. கையுறையைக் கழற்றி வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். “நான் என்ன பாவம் பண்ணிட்டேன்... நீங்கதானே மாமி இல்லைன்னேள்... பேரைச் சொல்லிட்டேனே...” என்று அழுகிறாள். அழுகை விடையன்று என்று சொல்ல வாய் வரவில்லை. ஆம் வசுமதி, நான்தான் சொன்னேன், பொய் சொன்னேன். ‘பொய் சொன்னேன்’ என்ற தொடரை ஆயிரம் பெண்களை எழுத வைத்திருக்கிறேன், நான் சொல்வது இதுவே முதல் முறை, இரண்டே சொற்கள், குளிரில் புகையாய்ப் போகின்றன. செங்கமலம் என் தோளைப் பிடித்துத் தூக்குகிறாள். “அம்மா, கீழ போடு அதை, கை உறைஞ்சுபோகும்.” கீழே போடுவதா? போட்டால் அவன் எடுப்பான், அதோ காத்திருக்கிறான். குப்பையில் போட்டால் குப்பையில் கொத்துவார்கள். ஏரியில் எறிந்தால் உறைந்த ஏரி, மேலேயே கிடக்கும், ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி. இந்த நாட்டில் இந்த மாதத்தில் ஒரு பிடி எள்ளுச்சோற்றை மறைக்க இடமில்லை. ஆகவே வாயில் போட்டுக்கொள்கிறேன். “அம்மா!” கல். பல் கூசுகிறது, எங்கோ கடைவாயில் ஒன்று நகர்ந்தே விட்டது. உப்பில்லை. எள் கசக்கிறது. மெல்லுகிறேன். பதினோரு ஆண்டுகளில் நான் வாயில் போட்டுக்கொண்டவற்றுள் இது ஒன்றும் மிகக் கசப்பானது அன்று. விழுங்குகிறேன். காக்கை பார்க்கிறது. இனி உனக்கு இங்கே அது கிடையாது.

பாத்திரத்தில் இன்னும் சோறு இருக்கிறதா என்று வசுமதியிடம் கேட்கிறேன். மூக்கைத் துடைத்துக்கொண்டே திறந்து காட்டுகிறாள்: அடியில் கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் பீட்ரூட் சிவப்பு. நாள் தவறு, இலை தவறு, நிறம் தவறு, குளித்துவிட்டு வைப்பது தவறு. இத்தனைக்கும் நான் அரை மதிப்பெண் போட மாட்டேன். காகிதத்தை நான்காவதாக விரிக்கிறேன். விரல்கள் எனக்குச் சொந்தமில்லாதவைபோல் உருட்டுகின்றன. சாரநாதன் என்று சொல்லி மஞ்சள் ஒன்றும் சிவப்பு ஒன்றும் வைக்கிறேன். குரல் எழவில்லை என்று இன்னொரு முறை, இம்முறை ஏரிக்கு அக்கரை கேட்கும்படி. ஜானெட் ஏதோ முணுமுணுக்கிறாள், ஜெபமாக இருக்கும், இருக்கட்டும். இதனால் நான் அவனை மன்னித்துவிட்டதாக ஒருவரும் எண்ண வேண்டாம். மாலையில் அவர் போர்வைக்குள்ளிருந்து “வெச்சியா?” என்று கேட்பார், வைத்தேன் என்பேன், அதற்குமேல் ஒரு சொல் கிடையாது. கடிதப் பெட்டி கட்டிலுக்கடியில் அப்படியே இருக்கும். என் அம்மாவின் முகத்தை அவன் எனக்குத் திருப்பித் தர முடியாது. ஏன் என்ற கேள்விக்கு விடை இன்னும் வரவில்லை. பரீட்சை நேரம் என்பது விடையன்று, அது என் விடையாக இருந்தாலும் விடையன்று. காக்கை என் காகிதத்துக்குத் தத்தி வருகிறது. மஞ்சளைத் தாண்டுகிறது. சிவப்பைக் கொத்துகிறது, அதற்குள் உறைந்துவிட்ட சிவப்பு, ஒரு முறை, இரண்டு முறை, அலகு வழுக்குகிறது. கொத்தடா. நன்றாகக் கொத்து. அவன் நூறு வயது இருக்க வேண்டும். அவன் அங்கே இருந்தால்தான் நான் இங்கே அவனோடு பேசாமல் இருக்க முடியும்.